டிக்கிக்குள் தண்ணீர் ஏன் வருகிறது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாரி மழை பிடித்ததும் எங்கள் கல்லடி கராஜுக்கு ஒரே முறைப்பாட்டோடு கார்கள் வரத் தொடங்கிவிடும்: "டிக்கிக்குள்ள தண்ணி நிக்குது." வருகிறவர்களில் பலர் கூடவே இன்னொன்றையும் கேட்கிறார்கள். "பீடிங் ஒன்றை மாத்தினாச் சரிதானே, இதுக்கு ஏன் ஒரு நாள் முழுக்கக் காரை வைச்சிருக்கிறீங்க? தேடினதுக்கும் கூலியா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் கையால் நடந்த ஒரு பிழையைச் சொல்கிறோம். களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் தன் பழைய கொரோலாவைக் கொண்டு வந்தார். டிக்கி மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் தேய்ந்துபோய் இருந்தது. பார்த்தவுடன் அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, புதிதாக வாங்கிப் போட்டு அனுப்பிவிட்டோம். நாலாம் நாள் திரும்பி வந்தார். ஸ்பெயார் வீல் பள்ளத்தில் மறுபடியும் தண்ணீர்.

அன்றைக்குத்தான் செய்ய வேண்டியதைச் செய்தோம். டிக்கிக்குள் இருந்த கார்பெட், அட்டை, சக்கரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துணியால் ஒற்றி உலர வைத்தோம். பின்சீற்றின் சாய்வைக் கழற்றிவிட்டு, டோர்ச்சோடு ஒருவர் உள்ளே படுத்துக்கொள்ள, மற்றவர் வெளியே நின்று ஹோஸ் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது பக்கப் பின்லைட்டின் பின்னால் ஒரு துளி திரண்டது. அது நேரே கீழே விழவில்லை. வயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி தூரம் ஊர்ந்து போய், வயர் வளைகிற இடத்தில் நின்று, பள்ளத்துக்குள் விழுந்தது. லைட்டைக் கழற்றினால், அதன் பின்னாலிருந்த கேஸ்கட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர்) காய்ந்து விறைத்துப் போயிருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. டீச்சரிடம் பீடிங்குக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து ஒழுக்கு எங்கே என்று கண்ணால் காணாமல் ஒரு சாமானும் வாங்குவதில்லை.

தண்ணீர் நிற்கிற இடம் ஒன்று, நுழைகிற இடம் இன்னொன்று. எங்கே நுழைந்தாலும் கடைசியில் தாழ்வான பள்ளத்துக்குத்தான் போய்ச் சேரும். நுழைவதற்கோ வழிகள் நிறைய: பின்லைட், மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட், பின்கண்ணாடியின் விளிம்பு, டிக்கி மூடியின் கீல்களுக்குப் பக்கத்துத் தகட்டுப் பொருத்து, கூரையில் ஏரியல் பூட்டிய இடம். பின்கதவு உள்ள சின்னக் கார்களில், பின்வைப்பருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சின்னக் குழாய் கழன்றுவிட்டால் மழையே இல்லாமல் டிக்கி நனையும்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி பின்பம்பருக்குள் இருக்கிறது. கதவை அடைக்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டுமே, அதற்காகப் பம்பருக்குப் பின்னால் மெல்லிய ரப்பர் இதழ்கள் வைத்த காற்றுவழி ஒன்றை வைத்திருப்பார்கள். இதழ் மடங்கிப்போனாலோ, அதைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் இற்றுப்போனாலோ சக்கரம் அடிக்கிற தண்ணீர் அதன் வழியே உள்ளே வரும். பின்னால் அடிபட்டு டிங்கரிங் செய்த கார் என்றால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பம்பரைக் கழற்றாமல் இதைப் பார்க்க முடியாது.

ஹோஸ் அடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கீழேயிருந்து மேலே போக வேண்டும். மேலேயிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனையும், எது உள்ளே விட்டது என்று தெரியாது. ஆகவே முதலில் பம்பர், பிறகு லைட், பிறகு மூடியின் விளிம்பு, கடைசியாகக் கண்ணாடியும் கூரையும். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் மெதுவாக ஊற்றிக் காத்திருப்போம். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீர் இதற்கு உதவாது. அது நல்ல ரப்பரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். அரை நாள் இப்படித்தான் போகிறது. நீங்கள் கொடுக்கும் கூலியில் பெரிய பங்கு இந்தத் தேடலுக்குத்தான், அடைப்பதற்கு ஒரு மணித்தியாலம் கூட எடுக்காது.

பீடிங்கை வீட்டிலேயே சோதிக்கலாம். மூடியின் விளிம்பில் ஒரு இருபது ரூபாய்த் தாளை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் அந்த இடம் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் அமுங்கிவிட்டது. இப்படியே சுற்றிவர நாலைந்து இடத்தில் பாருங்கள்.

தயவுசெய்து கடையில் ஒரு சிலிக்கன் டியூப் வாங்கித் தேய்த்துவிட்டு வர வேண்டாம். வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் தகட்டில் கறளைக் கொண்டுவரும். பிறகு அதன்மேல் பெயின்டும் ஒட்டாது, நாங்கள் பூசுகிற சீலரும் ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்கவே தனிக் கூலி. லைட்டுகளுக்கு நாங்கள் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் நாடாவை வைக்கிறோம், தகட்டுப் பொருத்துகளுக்குப் பழையதைச் சுரண்டிவிட்டு சீம் சீலர் என்ற அடைப்புப் பசையைப் போட்டுப் பெயின்ட் அடிக்கிறோம். பள்ளத்தில் துளை போட்டுத் தண்ணீரை வடிய விடுவதும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே ரப்பர் அடைப்பான் இருக்கும். அவசரத்துக்கு அதைக் கழற்றி வடித்துவிட்டு மறுபடி அடைத்துவிடுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இந்த உப்புக் காற்றில் ஈரமும் சேர்ந்தால் கறள் காத்திருக்காது.

வாழைச்சேனையிலிருந்து மீன் பெட்டி ஏற்றி வருகிறவர்களுக்கும் ஒரு சொல். ஐஸ் உருகி வடிந்த தண்ணீரை ஒழுக்கு என்று நினைத்துக் கொண்டு வந்தவர்கள் உண்டு. பெட்டிக்குக் கீழே தடித்த ரப்பர் ஷீட் ஒன்றை விரியுங்கள்.

பாவித்த கார் வாங்கப் போனால் ஸ்பெயார் வீலைத் தூக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே நேர்கோடாகச் சேற்றுப் படிவு இருந்தால் அது ஒழுக்கு அல்ல, வெள்ளத்தில் நின்ற கார். 2011 தை மாதத்திலும் 2024 கார்த்திகையிலும் எங்கள் மாவட்டமும் அம்பாறையும் எப்படி நீரில் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியும்.

பெற்றோலோடு பேட்டரியாலும் ஓடும் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது கவனமாக வாசியுங்கள். மூன்றாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸில் பெரிய பேட்டரி பின்சீற்றுக்குப் பின்னாலும், சின்னப் பேட்டரி டிக்கியின் வலது மூலையிலும் இருக்கின்றன. ஹொண்டாவின் ஹைபிரிட் பிட், வெசல் கார்களில் பெரிய பேட்டரி டிக்கித் தரைக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே ஈரத்தைக் கண்டால் நீங்களே தோண்டித் துடைக்க வேண்டாம். பெரிய பேட்டரியின் மின்சாரம் ஓடும் செம்மஞ்சள் நிற வயரைத் தொடவே வேண்டாம். காரை ஓட்டி வராமல் எங்களுக்கு அழையுங்கள், நாங்கள் வருகிறோம்.

மற்றக் கார்களை முதல் நாள் மாலையிலேயே விட்டுவிட்டுப் போங்கள், இரவில் கொட்டகைக்குள் காய வேண்டும். டிக்கியில் உள்ள சாமான்களை வீட்டில் இறக்கி வையுங்கள். எங்கே ஒழுகுகிறது என்பதை உங்களுக்குக் காட்டி, விலை சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகுதான் கை வைப்போம். முடிந்தால் ஐப்பசிக்கு முன்னமே வாருங்கள். மழை தொடங்கிவிட்டால் இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டி வரும்.

இப்படிக்கு,
உங்கள் கராஜ் பாஸ்மார்,
கல்லடி, மட்டக்களப்பு.