அம்மாவுடைய கடைசிப் பீரியட்

அன்புள்ள கண்ணம்மா,

அம்மாவின் பணி ஓய்வு விழாவுக்கு வர முடியவில்லையே என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை. வீடியோ அனுப்பியிருக்கிறேன். ஆனால் அதில் பாதி நேரம் மைக்கின் கரகரப்புதான் கேட்கும். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன், அதனால் நானே எழுதுகிறேன்.

34 வருடம். அம்மாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் காலையில் கிளம்புவதும், சாயங்காலம் களைத்து வருவதும், அந்த விடைத்தாள் கட்டுகளும்தான். அங்கே அவள் எப்படி இருந்தாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் பேசியவர் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் பி.டி. சார். பரீட்சை நெருங்கினால் போதும், "சார், இன்னைக்கு ஒரு பீரியட் குடுங்க" என்று ஒவ்வொருவராக வந்து நிற்பார்களாம். கணக்கு டீச்சராக இருந்தும் அம்மா ஒரு நாள்கூடக் கேட்டதில்லையாம். "பிள்ளைங்க ஓடிட்டு வரட்டும் சார், அப்புறம்தான் கணக்கு ஏறும்" என்பாளாம். இதைச் சொல்லும்போது அந்த மனிதருக்குக் குரல் கம்மிவிட்டது. தன் பாடத்தையும் ஒரு பாடமாக மதித்தவர் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து அறிவியல் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வகுப்பு கட்டுக்கடங்காமல் போய், லேபுக்குள் போய் அழுதிருக்கிறாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லையாம். மறுநாள் தன்னுடைய ஃப்ரீ பீரியடில் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்திருக்கிறாள். பிள்ளைகளை ஒரு அதட்டல் போடவில்லை, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இப்படியே ஒரு வாரம். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டாள். அவள் வராததையே அந்தப் பெண் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தாளாம். "அப்போ வகுப்பு என் கையில் இருந்தது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருத்துவதைப் பற்றியும் ஒருவர் சொன்னார். ஒரு பையன் நடுவில் 7 × 8 = 54 என்று போட்டுவிட்டால், நம்மில் பலர் விடையைப் பார்த்துத் தவறு போட்டுவிட்டுப் போய்விடுவோம். அம்மா அந்த ஓர் இடத்தை மட்டும் வட்டமிட்டுவிட்டு, அங்கிருந்து அவனுடைய 54-ஐ வைத்தே தானும் கணக்கைப் போட்டுப் பார்ப்பாளாம். அதற்குப் பிறகு வழி சரியாக இருந்தால் ஸ்டெப் மார்க் முழுதாகப் போய்ச் சேரும். ஒரு தாளுக்கு இவ்வளவு நேரமா என்று பக்கத்தில் இருந்தவர்கள் அலுத்துக்கொள்வார்களாம். ராத்திரி பதினொரு மணிக்கும் விளக்கு ஏன் எரிந்தது என்று இப்போது புரிகிறதா?

ஆனால் என்னை விட்டுப் போகாதது இன்னொருத்தி பேசியதுதான். அம்மாவிடம் படித்து, இப்போது அதே பள்ளியில் அம்மாவோடு கணக்கு நடத்துகிற பெண். எட்டாம் வகுப்பில் அவளைப் போர்டுக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. அம்மா அடுத்த பிள்ளையைக் கேட்கவில்லை, குறிப்பும் கொடுக்கவில்லை, மணியையும் பார்க்கவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாளாம். வகுப்பே மூச்சு விடாமல் இருந்ததாம். கடைசியில் பதில் வந்தது. "எனக்குப் பதில் தெரியும்னு என்னைவிட டீச்சர்தான் நம்பினாங்க" என்றாள்.

அவளேதான் ஒரு ஆய்வைப் பற்றியும் சொன்னாள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்து பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்திருக்கிறார்கள். அதை 3 நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டிருக்கின்றன, வாயே திறக்காதவர்கள் பேசியிருக்கிறார்கள். 3 நொடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், பாடம் முடிக்க வேண்டிய அவசரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

கடைசியாக அம்மா பேசினாள். ஐந்து நிமிடம்கூட இல்லை. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ இரண்டாம் வகுப்பில் அம்மை போட்டுப் படுத்திருந்தாயே, அந்த 12 நாளும் அவளுடைய பீரியடுகளை யார் யார் பங்கு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி நன்றி சொன்னாள். அந்த நாட்களின் சப்ஸ்டிட்யூஷன் விவரத்தை டைரியில் எழுதி வைத்திருக்கிறாள், கண்ணம்மா. இத்தனை வருடமாக! அதில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுப் போனவர்கள், அன்றைக்கு இதற்காகவே வந்திருந்தார்கள்.

"உனக்கு ஸ்கூல் பிள்ளைங்கதான் முக்கியம்" என்று பத்து வயதில் நீ கதவைச் சாத்திக்கொண்டாயே, எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் மனதுக்குள் அந்தக் குறை இருந்தது. இப்போது இல்லை.

விழா முடிந்ததும் பீரோ சாவி, போர்டு காம்பஸ், மர ஸ்கேல் எல்லாவற்றையும் துடைத்து அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். மிச்சமிருந்த அரை சாக்பீஸ் ஒன்று மட்டும் கைப்பையில் இருக்கிறது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய். "எப்படி இருக்கே?" என்று கேட்பாள். நீ வழக்கம்போல் "நல்லா இருக்கேன்" என்று சட்டென்று சொல்வாய். அதற்குப் பிறகு அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள், எப்போதும் அப்படித்தானே. லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா