கராங் கூனி ஆகிவிட்டேனா?

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தில் நீ உடுத்தியிருக்கும் பச்சைப் புடவை, தேக்காவில் நாம் இருவரும் ஒரே மாதிரி வாங்கியதுதானே? என்னுடையது எப்போதோ தலையணை உறையாகிவிட்டது. நீ இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாய் என்றால் உன்னைப் பாராட்டுவதா, உன் பீரோவைப் பாராட்டுவதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் கராங் கூனி வேலைக்குப் போவதாக உன் அண்ணி ஈப்போவுக்கு வந்து சொல்லியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மின்தூக்கியில் அவள் என்னைப் பார்த்தபோது என் கையில் ஒரு பழைய ரைஸ் குக்கர், கக்கத்தில் ஒரு மின்விசிறியின் தலை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமல் எல்லை தாண்டி வந்து உன்னிடம் சொல்லியிருக்கிறாள்!

விஷயம் இதுதான். இங்கே ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்று ஒன்று நடக்கிறது. சஸ்டைனபிள் லிவிங் லேப் என்ற அமைப்பு 2014இல் தொடங்கியது. மாதத்தின் கடைசி ஞாயிறு, கெட்டுப்போன சாமானைத் தூக்கிக்கொண்டு மக்கள் வருவார்கள். எங்களைப் போன்ற தொண்டூழியர்கள் மேசைபோட்டு உட்கார்ந்திருப்போம். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினா போஸ்ட்மா என்ற பெண்மணி இதே போன்ற ஒன்றை ‘ரிப்பேர் கஃபே’ என்று ஆரம்பித்தாராம். அங்கே கஃபே என்றால், இங்கே நம் காப்பிக்கடை, கோப்பித்தியாம். பெயர் வைத்தவருக்கு ஒரு கோப்பி ஓ வாங்கித் தரலாம்.

பக்கத்துப் புளோக் பெண் ஒருத்தி, “உங்களுக்குத்தான் ஈயம் வைத்துக் கம்பி ஒட்டத் தெரியுமே, வாருங்கள்” என்று இழுத்துப் போனாள். முதல் நாள் ஒரு பெரியவர் என்னிடம் தேநீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நான் திருப்புளியைக் காட்டினேன். அவர் வேறு மேசையைப் பார்த்து நகர்ந்துவிட்டார். தொழிற்சாலை லைனில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து ரேடியோ பலகைகளில் ஈயம் வைத்தவர்கள் நாம். அப்போது அந்த வேலையைப் பெண்பிள்ளைகளுக்குத்தான் கொடுத்தார்கள். இன்று அதே வேலையைப் பெண் செய்தால் ஆச்சரியப்படுகிறார்கள்.

ஆனால் மல்லிகா, என் கர்வம் முதல் மாதமே ஒடிந்துவிட்டது. ஒரு ரைஸ் குக்கர் வந்தது. பிளக்கில் ஃபியூஸ் சரி, கம்பியும் சரி. மின்சாரம் எங்கே அறுகிறது என்று காட்டும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருந்தது. புதியதை எடுத்தேன், ஈயம் வைத்தேன், பளபளவென்று இருந்தது. சோதித்தால், புதியதும் செத்துவிட்டது. பக்கத்தில் இருந்த மலாய்ப் பையன், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன், மெல்லச் சொன்னான்: “ஆன்ட்டி, சூடு பட்டால் அறுந்துபோவதுதானே இதன் வேலை?” என் ஈயக்கோலின் சூட்டிலேயே அது தன் கடமையைச் செய்துவிட்டது. அதைச் சின்ன உலோகக் குழாயில் நுழைத்து இடுக்கியால் நசுக்கித்தான் இணைக்க வேண்டுமாம். நம் சூப்பர்வைசர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. சாமானை நாமே சரிசெய்து கொடுத்துவிடக் கூடாது. கொண்டுவந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும், திருப்புளியை அவர்தான் பிடிக்க வேண்டும், நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓர் இளைஞன் எரிச்சலோடு, “நீங்களே செய்தால் ஐந்து நிமிடத்தில் முடியுமே” என்றான். மனத்துக்குள் நான் அவன் கட்சிதான். அவன் ஒரு திருகைக் கழற்ற எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் கிச்சடிக்குக் காய் நறுக்கியிருப்பேன். என் விரல்கள் மேசைக்கு அடியில் துடித்தன. அவன் மின்விசிறி சுற்றத் தயங்கியது, கையால் தள்ளிவிட்டால் ஓடியது. பெரும்பாலும் மோட்டாரைச் சுற்ற வைக்கும் கண்டென்சர் பலவீனமாக இருக்கும், இல்லாவிட்டால் அச்சில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். இதில் இரண்டாவது. துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் சுற்றியது. அடுத்த மாதம் அவனே வந்தான், தன் பாட்டியின் மின்விசிறியோடு. “இதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்” என்றான். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

எல்லாம் சரியாகிவிடுவதில்லை. சில கெட்டில்களின் அடியில் முக்கோணத் தலைத் திருகுகளைப் போட்டுவைத்திருக்கிறார்கள், யாரும் திறக்கக் கூடாது என்றே. சிலவற்றை ஒட்டியே விடுகிறார்கள், உடைக்காமல் திறக்க வழியில்லை. அப்படிச் செய்தவனை நாள் முழுவதும் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவேன். மைக்ரோவேவ் வந்தால் நான் தொடமாட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கும்.

இந்த ஊரில் மின்கழிவு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன். 2021 ஜூலையிலிருந்து பழைய சாதனங்களைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் போட்டிருக்கிறார்கள். ஆனால் தொடங்கியபோது அந்தப் பட்டியலில் கணினி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் இருந்தன, எங்கள் மேசைக்கு வரும் மின்விசிறியும் கெட்டிலும் இல்லை. குப்பையில் போட்டால் எரித்து, சாம்பலைப் படகில் ஏற்றி செமக்காவ் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். 1999இல் திறந்த இடம், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கு. அதற்கு முன்பு நிறையக் குப்பை போனது லோரோங் ஹாலுஸ் குப்பைமேட்டுக்கு. நாம் செய்தவற்றில் ஏற்றுமதி போக இங்கே விற்ற ரேடியோக்கள் அங்கேதான் புதைந்திருக்கும். இப்போது அங்கே நாணல் வளர்த்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். போன மாதம் நடக்கப் போனபோது அதை நினைத்துக்கொண்டேன்.

என் முட்டி வலி அப்படியே இருக்கிறது. மகன் வீடு மாறிவிட்டான், ஈசூனுக்கு.

பொங்கல் முடிந்து வருவதாக எழுதியிருக்கிறாய். ஜனவரி கடைசி ஞாயிறு வரை இருக்கும்படி வா. உனக்கு மின்சாரம் மறந்திருந்தாலும் துணி மேசை இருக்கிறது. ஜிப் போன பை, கிழிந்த பாவாடை எல்லாம் வரும், தையல் தெரிந்தவர்கள் எப்போதும் குறைவு. மலாயும் தமிழும் பேசுகிற நீ வரவேற்பு மேசையில் இருந்தாலும் போதும். எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் பாட்டிகள் நிறையப் பேர்.

சலுகை விலையில் நீ வாங்கிய அந்தச் சிவப்பு ரேடியோ இன்னும் இருக்கிறதா? பாடாவிட்டாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடாதே. இரவுப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வா. அதன் உள்ளே என் ஈயமா உன் ஈயமா என்று திறந்து பார்த்துவிடலாம். திருப்புளியை நீதான் பிடிக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சரோஜா