பழைய காலண்டர்களைக் கட்டி வைத்திருந்த டைப்பிஸ்ட் அய்யாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. கணவன் வீட்டில் அடியும் கொடுமையும் பட்ட அக்காவும் பிள்ளைகளும் அந்த வீட்டிலேயே இருக்கலாம், அவர்களை அடிக்கவோ மிரட்டவோ வெளியே தள்ளவோ கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டிருக்கிறார். என்ன நடந்தது என்று குடமுருட்டி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. யார் பெயரையும் எழுதவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறவர்கள்.

பெண்களோடு காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போகிற சட்டத் தன்னார்வலர்கள் நாங்கள். உதவியவர்கள் பலர் இருந்தாலும் முதல் நன்றி, கோர்ட்டு வாசலில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அய்யாவுக்குத்தான். அவர் அதிகாரியும் இல்லை, வக்கீலும் இல்லை. அக்கா கையால் எழுதிய தாள்களை அடித்துத் தரச் சொன்னோம், அவ்வளவுதான். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அப்படியே அடித்துக் கொடுத்திருக்கலாம். முதல் தாளைப் படித்தவர் கையை எடுத்துவிட்டார். “ஏம்மா, கொடுமை கொடுமைன்னு பக்கம் பூரா இருக்கு, தேதி ஒண்ணுகூட இல்லையே” என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. ‘தினமும் குடித்துவிட்டு வந்து கொடுமை செய்தார்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு ‘அத்தனையும் பொய்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். எந்த நாள், எத்தனை மணி, திண்ணையா கொல்லையா, கையில் என்ன இருந்தது, வாயில் என்ன வந்தது, யார் பார்த்தார்கள், அடிபட்ட பிறகு எங்கே போனாள் என்று எழுதிவிட்டால் அப்படி மறுக்க முடியாது. ஆஸ்பத்திரியில் காயத்தைக் குறிக்கும் ஏ.ஆர். பதிவையும் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியையும் அந்த நாளோடு பொருத்திக் காட்டலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளில் படிவம் 1 என்று இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் நிரப்புகிற சம்பவ அறிக்கை, டி.ஐ.ஆர். என்பார்கள். உடலில் அடி, பாலியல் கொடுமை, வாய்ப்பேச்சு, பணத்தை முடக்குவது, வரதட்சணை என்று வகைவகையாகப் பிரித்து, அதுவும் நாள், இடம், நேரம்தான் கேட்கிறது.

ஆனால் அடி வாங்கியவர் தேதியைக் குறித்தா வைத்திருப்பார்? அக்காவுக்கு ஒன்றுமே நினைவில்லை. அய்யா அலமாரி மேலிருந்து ஒரு கட்டை இறக்கினார். பல வருஷத்துத் தினசரிக் காலண்டர் அட்டைகள், பஞ்சாங்கங்கள். “தேதி வேணாம், அப்ப ஊர்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு” என்றார். பெருக்குக்கு மறுநாள் என்றார் அக்கா. ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3, அப்படியானால் அடி விழுந்தது 4-ஆம் தேதி. சின்னவனுக்கு அரைப்பரீட்சை முடிந்த அன்று, தீபாவளிக்குத் தாய் வீட்டிலிருந்து சீர் வந்த ராத்திரி என்று ஒவ்வொன்றாக வர, காலண்டரில் தேடித் தேடிக் குறித்தார். ‘ஆத்துல தண்ணி விட்ட வாரம்’ என்றபோது மட்டும் தேதி போட மறுத்துவிட்டார். மேட்டூரில் ஜூன் 12 திறந்தாலும் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும், அப்புறம்தான் ஊர் வாய்க்கால். அதனால் ‘ஜூன் மூன்றாம் வார வாக்கில்’ என்றே அடித்தார். நிச்சயமில்லாத நாளைத் தேதியாக எழுதிவிட்டால், குறுக்கு விசாரணையில் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற பதினைந்தையும் ஆட்டிவிடுவார்கள். ‘வாக்கில்’ என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை.

ஓராண்டுக்கு முந்தையதை எழுதலாமா என்ற பயம் பலருக்கு உண்டு. எழுதலாம். நிவாரணம் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போடுகிற, இந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மனுவுக்கு ஓராண்டுக் காலவரையறை கிடையாது என்று 2022-இல், தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி வழக்கிலேயே, உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தேதிகள் முடிந்ததும் கடைசித் தாளுக்கு வந்தார். ‘தகுந்த நீதி வழங்க வேண்டும்’ என்று முடிந்திருந்தது. இதில்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன. எந்தப் பிரிவில் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்: 18 பாதுகாப்பு, 19 குடியிருப்பு, 20 பணம், 21 பிள்ளைகள், 22 இழப்பீடு. அதோடு 23-இன் கீழ் இடைக்கால உத்தரவுக்குத் தனியாகப் பிரமாண வாக்குமூலம், படிவம் 3. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வாய்தா என்பது கோர்ட்டில் இருக்கிறது. இடைக்கால மனு போடாதவர்கள் அந்த இடைவெளியில் தெருவில் நிற்கிறார்கள்.

மாமியாரையும் வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று அக்கா எழுதியிருந்ததை அய்யா பென்சிலால் சுழித்து, இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீலம்மாவிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார். வக்கீலம்மா அதை எடுத்துவிட்டார். கணவனை வெளியேறச் சொல்ல 19-ஆம் பிரிவில் இடமுண்டு. ஒரு பெண்ணை அப்படி வெளியேற்ற அதே பிரிவு தடுக்கிறது. மாமியார் கொடுமை செய்யக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அது வேறு.

வீடு கோயில் மனையில் கட்டியது, அடிமனை வாடகை ரசீது மாமனார் பெயரில். நம் பக்கத்தில் இப்படி எத்தனையோ வீடுகள். ‘வீடே என் பேரில் இல்லை, இவளுக்கு என்ன உரிமை’ என்பது வழக்கமான பதில். 17-ஆம் பிரிவு சொத்துரிமையைப் பார்ப்பதில்லை, அந்தக் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்தாளா என்றுதான் பார்க்கிறது. மாமனார் மாமியார் பேரில் உள்ள வீடும் பகிர்ந்து வாழும் வீடாகலாம் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆகவே பட்டாவைத் தேடி அலைய வேண்டாம். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, கேஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளிப் பதிவில் உள்ள முகவரி இவற்றைத் திரட்டினால் போதும்.

பணத்துக்கு அவர் கேட்டது, “நெலம் எத்தனை மா?” ஆறு மா. அதைச் சுமார் 2 ஏக்கர் என்றும் சேர்த்து அடித்தார். வெளி மாவட்டத்திலிருந்து வந்த நீதிபதிக்கு மாக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘விவசாயம்தான், வருமானம் இல்லை’ என்பார்கள். சிட்டா, அடங்கலில் நிலமும் பயிரும் தெரியும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். குறுவை, சம்பா இரண்டுக்கும் அந்தக் கணக்கு விவரத்தைத் தாக்கல் செய்யும்படி கேட்கலாம். 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணமாகக் கொடுக்க வேண்டும். பொய்யாக ஒரு பெரிய தொகையை எழுதுவதைவிட, பால், மருந்து, பள்ளி வேன் என்று இனம் இனமாக எழுதிய சின்னத் தொகை நிற்கும்.

நகை கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கிறது, ரசீது கணவன் பெயரில். ‘என் நகை எல்லாம்’ என்று எழுதாமல், சங்கிலி எத்தனை பவுன், யார் போட்டது, பில் இருக்கிறதா, கல்யாணப் போட்டோவில் எது தெரிகிறது என்று தனித்தனி வரியாக்கினார். மீட்டுக் கொடு என்பது 19, அதுவரை விற்கவோ மறு அடகு வைக்கவோ கூடாது என்பது 18. இரண்டையும் கேட்டோம்.

அன்று கடையில் வேறு வேலை நடக்கவில்லை. காத்திருந்தவர்களை அடுத்த கடைக்கு அனுப்பினார். கடைசியில் தாள் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். வக்கீலம்மா அந்தப் பட்டியலைக் கிட்டத்தட்ட அப்படியே மனுவில் சேர்த்தார்.

அந்த வக்கீலம்மாவுக்கு நன்றி. பெண்ணென்றால் வருமான வரம்பில்லாமல் சட்ட உதவி உண்டு என்பது 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருந்தாலும், வந்தவர் மனசும் வேண்டுமே. ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்ல வைத்திருந்த உறவினரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, தனியாகக் கேட்டு, யார் அடித்தது எதனால் அடித்தது என்று ஏ.ஆரில் பதிய வைத்த நர்சம்மாவுக்கு நன்றி. எஃப்.ஐ.ஆர். இல்லாமலே மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம் என்று எடுத்துச் சொல்லி, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் கொடுத்த மகளிர் காவல் நிலைய ஏட்டம்மாவுக்கு, ஒரே உட்காரலில் டி.ஐ.ஆர். எழுதிய பாதுகாப்பு அலுவலருக்கு, மகளிர் உதவி எண் 181-இல் பேசிய குரலுக்கு, டி.சி. இல்லாமலே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட தலைமை ஆசிரியைக்கு, ராத்திரி சவாரிக்கு வந்த ஆட்டோத் தம்பிக்கு, ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்று கூப்பிட வந்து பிறகு பேசாமல் திரும்பிய ஊர்ப் பெரியவர்களுக்கும்தான், நன்றி.

உத்தரவு வந்ததோடு வேலை முடியவில்லை. 24-ஆம் பிரிவுப்படி உத்தரவின் நகல் இலவசம்; மனுதாரருக்கும் எதிர்த்தரப்புக்கும் காவல் நிலையத்துக்கும் போக வேண்டும். நிலையத்துக்கு வந்து சேர்ந்ததா என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீறிய நாளையும் நேரத்தையும் அன்றே எழுதி வைக்கும்படி அக்காவிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறோம். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போகலாம், அதற்கும் வக்கீலம்மா தயாராக இருக்கிறார்.

இனி எங்களிடம் வருகிற எந்தப் பெண்ணின் மனுவும் தேதி கோக்காமல் டைப்புக்குப் போகாது. காலண்டர் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். வீட்டில் பழைய காலண்டர், பஞ்சாங்கம் இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் எங்களுக்குக் கொடுங்கள். கிழித்துப் போட்ட தினசரித் தாள் உதவாது, மாதக் காலண்டர் என்றால் நல்லது.

ஒன்று மட்டும். இதைப் படித்துவிட்டு யாரும் அய்யாவிடம் போய் சும்மா அடித்துத் தரும்படி கேட்க வேண்டாம். அவருக்கு அதுதான் பிழைப்பு. பக்கத்துக்கு என்ன கூலியோ அதைக் கொடுங்கள்.