அந்தத் துண்டு குப்பைக்குப் போகவில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒரு வாடிக்கையாளரின் அப்பா எழுதிய கடிதத்தை நாங்கள் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டோம் என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. பத்து நாளாகப் போனை எடுத்தால் முதல் கேள்வி, "அந்தக் கடிதத்தை நிஜமாகவே வெட்டினீர்களா?" என்பதுதான். தங்கள் நினைவுப் பொருட்களை வைத்து நாங்கள் செய்யும் கண்ணாடிப் பெட்டி எப்போது தயாராகும் என்று கேட்கக் கூப்பிடுபவர்கள்கூடக் கொஞ்சம் இழுத்துவிட்டு அங்கேதான் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நான் ஒவ்வொரு விதமாகச் சொல்லி, அதில் பாதி திரிந்து எனக்கே திரும்பி வருகிறது. சரி, எல்லோருக்குமாக ஒரே தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்டினோம். கடிதத்தின் கீழ் மடிப்பை ஒட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அன்று கத்தியைப் பிடித்தது புதுப் பையன் இல்லை, நான்தான். பரவிக்கொண்டிருக்கும் செய்தியில் அவன் தலை உருள்கிறது. தயவுசெய்து அவனை விட்டுவிடுங்கள்.

நடந்தது இதுதான். ஒரு பெண்மணி தன் அப்பாவின் கைக்கடிகாரத்தையும், அவர் வெளியூரில் வேலை பார்த்தபோது வீட்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தையும் கொண்டுவந்தார். கூடவே நான்கு சட்டைப் பொத்தான்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. நீங்கள் பார்த்துப் பழகிய அதே மாதிரிக் கண்ணாடிப் பெட்டிதான். பின்பக்கம் கடிதம் விரிந்திருக்க வேண்டும், முன்னால் கடிகாரம் தொங்க வேண்டும். கடிதத்துக்குப் பிரதி எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், அப்பா கைபட்ட தாளே வேண்டும் என்றார். படிவத்தில் 'அசல்' என்ற கட்டத்தில் அவரே டிக் அடித்தார்.

கோடு போட்ட நோட்டுத் தாள், நீல பால்பாயிண்ட் பேனா. மூன்றாக மடித்து மடித்துப் பிரித்ததில் கீழ் மடிப்பு கிழிந்து, யாரோ எப்போதோ செல்லோ டேப் போட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் போட்டதுதான். ஆனால் பழைய காகிதத்துக்கு செல்லோ டேப்பைப் போல ஒரு எதிரி கிடையாது என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டே இருப்பது உங்களுக்குத் தெரியும். பழைய டேப்பின் பசை ரப்பர் வகை. வருஷம் போகப் போகப் பழுப்பாகிப் பிசுபிசுக்கும். அப்புறம் மேலே இருக்கும் பிளாஸ்டிக் பட்டை காய்ந்து தானாகக் கழன்றுவிடும். பசை மட்டும் தாளின் நாருக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி நிற்கும். அதை எடுக்க வேண்டுமானால் கரைப்பான் தொட வேண்டும். கரைப்பான் தொட்டால் பால்பாயிண்ட் மை கரைந்து ஓடும். ஒரு எழுத்தின் வால் நுனியில் ஊசிமுனை அளவு வைத்துப் பார்த்தேன். நீலம் கசிந்தது. உடனே நிறுத்திவிட்டேன்.

அப்படியே விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூடிய பெட்டிக்குள் அந்தப் பசை சும்மா இருக்காது. தூசியைப் பிடிக்கும், பக்கத்தில் இருக்கிற பொருளில் ஒட்டும், கறை அக்கம்பக்கத்து வரிகளுக்கும் பரவும். அதனால் பட்டையை எடுத்துவிட்டு, மேலும் கீழும் இருந்த தாளை ஜப்பானிய மெல்லிய தாளாலும் கோதுமை ஸ்டார்ச் பசையாலும் இணைத்தேன். இந்தப் பசை தண்ணீர் தொட்டால் பிரியும். பின்னால் யாராவது பிரிக்க நினைத்தால் காகிதம் கிழியாமல் பிரிக்கலாம். இணைப்பு நன்றாகவே வந்தது. அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எடுத்த பட்டையில் ஒரு வரி இருந்தது. வெட்டுவதற்கு முன் படித்தேன். "அடுத்த மாதம் எப்படியும் வந்துவிடுவேன்."

வெளியூரில் இருப்பவர் எழுதும் எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று நினைத்தேன். எத்தனையோ பேருடைய கடிதங்கள் இந்த மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன, எத்தனையோ "வந்துவிடுவேன்"களைப் பார்த்தாயிற்று. அந்தப் பெண்மணி பெட்டியைக் கையில் வாங்கியதும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பொத்தான்களைப் பார்க்கவில்லை. நேராக அந்த வரி இருந்த இடத்துக்குத்தான் விரல் போனது. அங்கே மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. அப்பா அந்த அடுத்த மாதம் வந்தாரா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி, என்னைச் சுடுகிற விஷயத்துக்கு வருகிறேன். வெட்டினார்கள் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். "வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள்" என்று சொல்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. இந்தக் கடையில் குப்பைக்கூடை என்பது டீ குடித்த காகிதக் கோப்பைக்கும் பென்சில் சீவலுக்கும் மட்டும்தான். உங்கள் பொருளிலிருந்து உதிர்ந்தது எதுவானாலும், நூல் இழையாக இருந்தாலும், துருப்பிடித்த குண்டூசியாக இருந்தாலும், உங்கள் ஆர்டர் எண் எழுதிய உறைக்குள் போகும். முதல் பெட்டி செய்த நாளிலிருந்து அப்படித்தான். ஒருவருடைய ஆல்பத்திலிருந்து படம் பிரித்தபோது பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ஆல்பத் தாளின் செதில்களைக்கூட வைத்திருக்கிறோம், அவரே, "இதை எதற்கு?" என்று சிரித்தார். அந்தப் பட்டையும் உறையில் இருந்தது. அன்று மாலையே உறையோடு அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டுதான் போனார். இதை அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. குப்பை என்ற சொல்லை அவர் சொன்னாரா, நடுவில் யாராவது சேர்த்தார்களா என்றும் தெரியாது. யார் சொன்னாலும் அந்தச் சொல் மட்டும் உண்மையில்லை.

படிவத்தின் கீழே, 'சேதமடைந்த பகுதியைத் தேவைப்பட்டால் நீக்கலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கீழேதான் கையெழுத்து. அதைக் காட்டி நான் தப்பிக்கப் போவதில்லை. ஆனால் இருந்தது, அவ்வளவுதான் சொல்கிறேன். பொடி எழுத்தில் இருந்தது என்பதும் உண்மைதான்.

நான் செய்திருக்க வேண்டியது ஒரு போன். "அம்மா, இந்த வரியின் மேல் டேப் இருக்கிறது, என்ன செய்யட்டும்?" அரை நிமிஷம் ஆகியிருக்கும். வேலை குவிந்திருந்தது, செய்யவில்லை. தவறு என்னுடையது. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இங்கேயும் கேட்கிறேன்.

"கலை என்று சொல்லிக்கொண்டு பிறத்தியார் பொருளில் கைவைக்கிறார்கள்" என்று இன்னொரு பேச்சு. இதற்கு முன்பெல்லாம் நான் பெரிய பெயர்களை எடுத்துவிடுவது வழக்கம். 1912இல் பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். அடுத்த சில வருஷங்களில் ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டையும் கிழிந்த விளம்பரத்தையும் ஒட்டிப் படம் செய்தார். நியூயார்க்கில் ஜோசப் கார்னெல் பழைய கடைகளில் பொறுக்கிய களிமண் புகைக்குழாய், கோலிக்குண்டு, வரைபடத் துண்டு எல்லாவற்றையும் கண்ணாடி போட்ட பெட்டிகளுக்குள் அடுக்கினார். நம்முடைய பெட்டிகளுக்கு அவர்தான் மூத்தவர். ஆனால் இந்தப் பத்து நாளில் ஒன்று உறைத்தது. ஷ்விட்டர்ஸின் டிக்கெட்டுக்கு உரியவர் யாரும் வந்து, "என் டிக்கெட்டை ஏன் கிழித்தீர்கள்?" என்று கேட்கவில்லை. கார்னெலின் கோலிக்குண்டை யாரும் தேடவில்லை. அவர்கள் எடுத்தது ஆள் விட்டுப்போன பொருள். எங்களிடம் வருவது ஆள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிற பொருள். இனிமேல் அந்தப் பெயர்களைச் சொல்லி வாதாட மாட்டேன்.

உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள், ஒவ்வொரு பெட்டியிலும் ஏன் ஒரு அறையைக் காலியாக விடுகிறோம், இடம் வீண்தானே என்று. பொருள் எல்லாம் போனதைப் பற்றியது. காலி அறை வரப்போவதற்கு என்று சொல்வேன். சிலர் வருஷம் கழித்து எதையாவது கொண்டுவந்து அதில் வைக்கச் சொல்வார்கள். பேத்தியின் மருத்துவமனைக் கைப்பட்டை, புது வீட்டுச் சாவியின் நகல், இப்படி. போனதை நினைத்து ஏங்குவதை இன்று நாஸ்டால்ஜியா என்கிறார்கள். அந்தச் சொல்லை 1688இல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கினார், அது அப்போது ஒரு நோயின் பெயர். ஊரைப் பிரிந்தவர்களுக்கு வரும் நோய். கிரேக்க மொழியில் அதன் முன்பாதிக்கு 'வீடு திரும்புதல்' என்று பொருள், பின்பாதிக்கு வலி. கடைக்கு வருகிறவர்களிடம் வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்புதல் இருந்த வரியைக் கையாலேயே வெட்டி எடுத்தேன். காலி அறைதான் நம்பிக்கை என்று நானே வைத்த கணக்கு எவ்வளவு பொடியானது என்று பாருங்கள்.

பேப்பர் அக்காவைப் பற்றியும் கேட்கிறீர்கள். ஒன்பது வருஷம் காகித வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டவர் போய்விட்டார், அது நிஜம். இந்தப் பிரச்சினையால் போனார் என்பது பொய். இது நடப்பதற்கு முன்பே, மகள் பிரசவத்துக்காகச் சொல்லிவிட்டுப் போனார், இனி அங்கேயேதான் இருப்பார். அவர் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை என்னிடம் தந்திருக்கவே மாட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, கடிதம் வந்தால் வேலையைத் தொடங்கும் முன் கொண்டுவந்தவரையே உரக்கப் படிக்கச் சொல்வார். எந்த வரியில் குரல் மாறுகிறது என்று கவனிப்பார். எனக்கு அது நேரத்தை வீணடிப்பதாகத் தோன்றும். இரண்டொரு தடவை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இனி அதையே செய்யப்போகிறோம். கடிதமோ நாட்குறிப்போ கொண்டுவந்தால் உட்கார்ந்து ஒருமுறை படித்துக் காட்டுங்கள். படிக்க முடியாது என்றால் தொடக்கூடாத இடத்தை விரலால் காட்டினால் போதும், பென்சிலால் வேறொரு தாளில் குறித்துக்கொள்வோம். அசலில் கத்தி படும் முன்பு உங்களுக்குப் போன் வரும். நீங்கள் எடுக்காவிட்டால் வேலை அப்படியே நிற்கும். படிவத்தில் அந்தப் பொடி வரியை எடுத்துவிட்டோம். இன்னொன்று, பளபளவென்று வழுக்கும் தாளில் வரும் இந்தக் காலத்துப் பயணச்சீட்டு, ரசீதுகளை மட்டும் அசலாக வைக்கக் கேட்காதீர்கள். அவை மையால் அச்சானவை இல்லை, சூட்டினால் கறுப்பவை. சில வருஷத்தில் வெறும் தாள் மிஞ்சும். அவற்றுக்குப் பிரதிதான்.

இதே காலத்தில் முடித்துக் கொடுத்த வேறு ஆறு பெட்டிகளின் பொருட்களிலிருந்தும் இப்படி ஒதுக்கிய துண்டுகள் எங்களிடம் இருக்கின்றன. உரியவர்களிடம் தனியாகச் சொல்லியாயிற்று, உறைகளை அவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் வந்தவர்களை நான் மறக்க மாட்டேன். போன வாரம் ஒருவர் தன் தம்பியின் பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "கேள்விப்பட்டேன், அதனால்தான் நானே பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, உண்மையில் தெம்பாக இருந்தது. ஆர்டரை ரத்து செய்யாமல், என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் எல்லோருக்கும் நன்றி. பெட்டியைச் சுவரில் மாட்டிய இடத்தைப் படம் எடுத்து அனுப்பி, "இங்கே நன்றாகத்தான் இருக்கிறது" என்று மூன்றே சொல்லில் ஆறுதல் சொன்னவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. (அதில் ஒரு படத்தில் பெட்டி ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. தயவுசெய்து இன்றே இடம் மாற்றுங்கள். அருங்காட்சியகங்களில் காகிதத்தின் மேல் பொதுவாக 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விழ விடமாட்டார்கள். மங்கிய மை திரும்பி வராது.)

அமிலமில்லா அட்டையும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் விலை ஏறிவிட்டன, அவற்றில் மட்டமானதற்கு இறங்க மனமில்லை. அதனால் அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதோடு, எட்டு வாரத்தில் கொடுத்த பெட்டிக்கு இனி ஐந்து மாதம் ஆகும்.

அந்தப் பெண்மணியின் கடிகாரமும் பொத்தான்களும் சாவியும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. கடிதத்தையும் உறையையும் மட்டும் அவர் எடுத்துப்போனார். அவர் கேட்டால் இணைப்பைத் தண்ணீர் தொட்டுப் பிரித்து, பட்டையை அதன் இடத்தில் திரும்ப வைத்துத் தருகிறேன். டேப் கறையோடு இருக்கும், வெட்டிய கோடும் மெல்லிசாகத் தெரியும். அதற்குக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
கடைக்காரர்