முகாம் அக்காமாருக்கு ஒரு நன்றி மடல்

முனைவர் பட்ட ஆய்வேட்டைப் போன வாரம் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டேன். முகாமில் வாழும் ஈழத்துப் பெண்கள் தொழில் தொடங்கினால் வீட்டிலும் ஊரிலும் என்ன மாறுகிறது என்பதுதான் பொருள். ஆய்வேட்டில் நன்றிக்கு ஒரு பக்கம்தான். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

மதுரைப் பக்கத்து ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களின் அக்காமாருக்கும் அம்மம்மாமாருக்கும் முதல் வணக்கம். 1983-க்குப் பிறகும் 1990-லும் படகேறி வந்தவர்கள் நீங்கள். இல்லையென்றால் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள். 2021-ல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. குடியுரிமைக்கு இன்னும் காத்திருக்கிறீர்கள்.

கறித்தூள் வறுக்கும் அக்கா, நான்கு பக்கக் கேள்வித்தாளோடு வந்து "முதலீடு எவ்வளவு?" என்று நான் ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? "பிள்ளை, உந்தத் தாளை வச்சிட்டு இந்த வெந்தயத்தைப் பாரும், கருகினால் கசக்கும்" என்றீர்கள். மல்லி தனி, பெருஞ்சீரகம் தனி, கருவேப்பிலை சருகாகி நொறுங்கும்வரை தனி. அன்றிலிருந்து வறுக்கிற நாளாகப் பார்த்தே வந்தேன். சலித்துக்கொண்டே பேசியதில்தான் எல்லாம் கிடைத்தது. தோட்டை அடகு வைத்துக் கீழமாசி வீதியில் முதல் மூட்டை மிளகாய் வாங்கிய கதை, ஈடு காட்டச் சொத்தில்லை என்று ஒரு வங்கி இரண்டு தடவை திருப்பி அனுப்பிய கதை, குழுச் சேமிப்பில் மற்ற அக்காமார் தங்கள் முறையை உங்களுக்கு விட்டுக்கொடுத்த கதை. ஒருநாள் பெயின்ட் வேலை முடிந்து வந்த உங்கள் வீட்டுக்காரர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உங்கள் கணக்குக் கொப்பியைப் பார்க்கக் கேட்டார். அவர் போனதும், "இப்ப என்னட்டைக் கேட்டுத்தான் செய்யிறார்" என்று மெல்லச் சொன்னீர்கள். என் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வரிதான்.

தையல்கார அக்காவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். முகாமில் இருக்கிறோம் என்று நேரில் காட்ட வேண்டிய வருகைப் பதிவு நாட்களைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்த நாட்களில் கல்யாண ரவிக்கை எதையும் ஒப்புக்கொள்ளாத உங்கள் கணக்கு எந்த மேலாண்மைப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

அனுமதிக் கடிதத்துக்கு உதவிய அலுவலர்களுக்கு நன்றி. முதல் வரைவில் 'பயனாளி' என்று வந்த இடமெல்லாம் அடித்து, "அவங்க தொழில் செய்றவங்கம்மா, அப்படியே எழுது" என்ற நெறியாளருக்கு நன்றி. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என் மகனைப் பார்த்துக்கொண்ட அத்தைக்கு, நேரில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

ஒவ்வொருவரும் பேசியதை அச்செடுத்து வரும் ஞாயிறு கொண்டு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், படித்தால் யார் யாரென்று உங்களுக்குத் தெரியும். ஏதாவது பிழையாக எழுதியிருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன்.

அக்கா, எனக்கு ஒரு கிலோ தூள் எடுத்து வையுங்கள். போகும்போதெல்லாம் சும்மா கையில் திணித்தீர்கள். இந்தத் தடவை காசு வாங்கிக் கொப்பியில் எழுத வேண்டும்.