பங்கு சரி, முறை வரவில்லை

மண்டபம்
20-5-2025

பங்காளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. சித்திரை முகூர்த்தத்தில் எடுத்த நாலு கல்யாண வீடியோ இன்னும் கம்ப்யூட்டரில் கிடக்கிறது, அதில்தான் பதில் எழுத நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், தங்கச்சி பார்த்துக்கொள்ளும், உன்னை நம்ப முடியாது.

இங்கே தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. படகையெல்லாம் மேலே ஏற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையும் இல்லாத பையன்கள் என் கடையில். பாம்பன் புதுப் பாலம் ஏப்ரல் 6-ல் திறந்தார்கள். 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. இனி நீ மாமியார் வீட்டுக்குப் போக மண்டபத்தில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். அந்தச் சாக்கில் என்னைப் பார்க்காமல் போய்விடாதே.

புது மெஷின் வாங்கியும் மகனுக்கு விளையாட்டு திக்குகிறது, கிராபிக்ஸ் கார்டை மாற்றட்டுமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. நான் அப்படித்தான் அவசரப்பட்டு ராம் மெமரி வாங்கிப் போட்டு நாலாயிரம் ரூபாயைக் கடலில் கரைத்தேன்.

என் கடை மெஷினின் ப்ராசஸரில் ஆறு கோர், ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் ரெண்டு வேலை ஓட்டும், ஆகப் பன்னிரண்டு த்ரெட். கண்டவன் பென்டிரைவும் நுழைகிற இடம் என்பதால் லினக்ஸ்தான் போட்டிருக்கிறேன். சாயங்காலம் வெட்டி ஒட்டிய கல்யாண வீடியோவை முழுப் படமாக்கும் ரெண்டருக்கு விட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன். என் மகன் அதே மெஷினில் துப்பாக்கிச் சண்டை ஆடுவான். ‘அப்பா, எஃப்பிஎஸ் 58 காட்டுது, ஆனா வண்டி பள்ளத்துல இறங்குற மாதிரி குதிக்குது’ என்பான். எஃப்பிஎஸ் என்றால் விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம் என்ற எண். அதைப் பார்த்து நான் அவன் சொன்னதை நம்பவில்லை. பிறகு மாங்கோஹட் என்ற அளக்கிற மென்பொருளைப் போட்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்ற கோட்டைப் பார்த்தேன். தரையோடு போகவேண்டிய கோடு அங்கங்கே பனைமரமாக நிற்கிறது.

கணக்கு இதுதான். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16.67 மில்லி விநாடி. விநாடிக்கு 144 தடவை புதுப்பிக்கிற 144 ஹெர்ட்ஸ் திரை என்றால் ஏழுகூட இல்லை. அதற்குள் விளையாட்டின் முக்கிய த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை), படம் வரையும் த்ரெட், கிராபிக்ஸ் டிரைவர், கடைசியில் ஜன்னல்களையெல்லாம் ஒரே படமாகச் சேர்க்கிற டெஸ்க்டாப்பின் கம்பாசிட்டர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ப்ராசஸர் கிடைக்க வரிசையில் ரெண்டு மூணு மில்லி விநாடி நின்றால் போதும், அந்த ஃபிரேம் திரை புதுப்பிக்கிற நேரத்தைத் தவறவிடும். தவறினால் அடுத்த புதுப்பிப்பு வரைக்கும், 60 ஹெர்ட்ஸ் திரையில் மொத்தம் 33 மில்லி விநாடிக்குப் பழைய படமே நிற்கும். சராசரி எண்ணில் இது தெரியவே தெரியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்ம பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி. மீதி நாலு நாள் நாட்டுப்படகுக்கு. பங்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை இறால் வந்தால் விசைப்படகுக்காரர் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். புதன் போகும்போது இறால் இருக்குமா? ப்ராசஸரிலும் இதே கதைதான், யாருக்கு எப்போது முறை என்று ஷெட்யூலர் என்ற பகுதி பங்கு பிரிக்கிறது. ரெண்டருக்கு எப்போது பங்கு கிடைத்தாலும் ஒன்றுதான், விடிவதற்குள் முடிந்தால் சரி. விளையாட்டு நாள் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, கேட்கிறபோது மட்டும் உடனே கேட்கிறது.

லினக்ஸ்காரர்களுக்குள்ளேயே இதில் பழைய சண்டை உண்டு. ஆஸ்திரேலியாவில் கான் கோலிவாஸ் என்று ஒரு மயக்க மருந்து டாக்டர். டெஸ்க்டாப் திக்கக்கூடாது என்று சொந்தமாக ஷெட்யூலர் எழுதினார். 2007-ல் லினக்ஸின் மையமான கர்னலின் 2.6.23 பதிப்புக்கு அதை விட்டுவிட்டு, இங்கோ மோல்னார் எழுதிய சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலரை எடுத்துக்கொண்டார்கள், டாக்டர் விலகிப் போனார். 2009-ல் பிஎஃப்எஸ் என்று வேறொன்றோடு திரும்பி வந்தார். ஆளை மயக்குகிற டாக்டர், கம்ப்யூட்டர் மயங்கக் கூடாது என்று ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார் பார்! சிஎஃப்எஸ் 16 வருஷம் ஓடியது. 2023-ல் கர்னல் 6.6-ல் அதன் இடத்துக்கு வந்த ஈஈவிடிஎஃப் என்ற ஷெட்யூலரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு உண்டு. சின்னத் துண்டு நேரம் கேட்கிறவனுக்குக் கெடு முன்னால் விழும், அவனை முதலில் கூப்பிடும். பங்கு அதேதான், முறை மட்டும் முன்னே வருகிறது.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ரெண்டரை நைஸ் 19-க்குத் தள்ளினேன். நைஸ் என்பது மற்ற வேலைகளுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற எண், 19-தான் கடைசி. சாதாரண வேலைக்குப் பங்கு கணக்கிடும் எடை 1024 என்றால் நைஸ் 19-க்கு வெறும் 15. அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ரெண்டு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் பார்த்தால் காரணம் லினக்ஸின் ஆட்டோகுரூப் என்ற வசதி. டெர்மினலில் விட்ட வேலைகளை அமர்வு அமர்வாகக் குழு கட்டிவிடும். நைஸ் அந்தக் குழுவுக்குள்ளே மட்டும்தான் செல்லும். குழுவில் ரெண்டர் ஒன்றுதான் என்றால் அது யாருக்கு வழிவிடும்? லினக்ஸின் ப்ராக் (/proc) அடைவில், ஓடுகிற அந்த நிரலின் பிராசஸ் எண்ணுக்குக் கீழே ஆட்டோகுரூப் என்றே ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 19 எழுதினேன். பனைமரம் பாதி சாய்ந்தது.

மீதிப் பாதிக்கு எடை உதவாது. ஒரே கோரில் இரட்டையாக ஓடும் ரெண்டு த்ரெட்டில் ஒன்று ரெண்டர், மற்றது விளையாட்டு என்றால் ரெண்டும் உள்ளே அடித்துக்கொள்ளும். அதனால் எந்தக் கோரில் ஓடலாம் என்று கட்டுப்படுத்துகிற டாஸ்க்செட் கட்டளை போட்டு ரெண்டருக்கு நாலு கோர் மட்டும் கொடுத்தேன். கல்யாண வீடியோ முடிய இப்போது கூடுதலாக முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும், மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதமாகக் காத்திருக்கிறார்கள்.

உன் மகன் மெஷின் விண்டோஸ்தானே? அதில் முன்னால் இருக்கிற ஜன்னலுக்கு வழக்கமாக மூன்று மடங்கு நீளமான துண்டு நேரம் தானாகவே கிடைக்கும். ஆகவே பின்னால் என்ன ஓடுகிறது என்று பார். வைரஸ் ஸ்கேனா, டவுன்லோடா, உன் பழக்கதோஷமான நாற்பது பிரவுசர் டேபா? டாஸ்க் மேனேஜரில் அதன் முன்னுரிமையைக் கீழே இறக்கு. விளையாட்டை ரியல்டைம் என்று மட்டும் ஏற்றிவிடாதே. அது மவுஸையும் டிஸ்க்கையும் கவனிக்கிற த்ரெட்டுகளையே பட்டினி போட்டுவிடும், குதிப்பது போய் உறைந்து நிற்கும். பின்னால் ஒன்றுமே ஓடாதபோதும் திக்கினால் அப்புறம் கார்டைப் பற்றிப் பேசலாம்.

இதையெல்லாம் செய்துவிட்டு ஃபிரேம் நேரக் கோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. எஃப்பிஎஸ் எண்ணை எழுதி அனுப்பாதே, படிக்க மாட்டேன். நெத்திலிக் கருவாடு கேட்டிருந்தாய். தடைக்காலம் என்பதால் விலை தாறுமாறாக இருக்கிறது. ஜூன் கடைசியில் நல்லதாகப் பார்த்து பார்சல் போடுகிறேன்.

உன்
பங்காளி