மங்கு மிதந்தது

அன்புள்ள ஆயர் தாவார் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் செய்த 'மங்கு' என்ற பாய்மரப் படகு, கடலோர ஊரான லுமுட்டில் தண்ணீரில் இறங்கியது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. நன்றி சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். நான்கு ஆண்டுகளாகக் கடைத்தெருவிலும் கோயிலிலும் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்ட கேள்வி "மிதக்குமா?" என்பதுதான். மிதக்கிறது.

பலருக்கு இது எப்படித் தொடங்கியது என்று தெரியாது. பன்னிரண்டு வயதில், தோட்டத்து லோரியில் தெலுக் பாத்தெக் கடற்கரைக்கு எங்களை அழைத்துப் போனார்கள். மற்றப் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தபோது, பங்கோர்த் தீவுப் பக்கம் ஒரு வெள்ளைப் பாய் போவதைப் பார்த்தேன். ஆலைச் சங்கும் லோரிச் சத்தமும் கேட்டு வளர்ந்த எனக்கு, அவ்வளவு பெரிய பொருள் ஒன்று சத்தமே இல்லாமல் நகர்வது பெரிய அதிசயமாக இருந்தது. அதை நான் மறக்கவே இல்லை. பள்ளி ஆய்வுக்கூட உதவியாளராக முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம், 2020 மார்ச் 18-ஆம் தேதி, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டை விட்டு வெளியே போக முடியாத அந்த நாள்களில்தான் படகின் வரைபடத்தை மேசையில் விரித்தேன்.

படகு பதினைந்து அடி நீளம், ஆறடி அகலம். இரண்டு பேர் படுத்துறங்கலாம், உட்கார்ந்து சமைக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. நடுவில் ஏற்றி இறக்கும் பலகை இருக்கிறது. அதை ஏற்றிவிட்டால் ஒன்றரை அடித் தண்ணீர் போதும், இறக்கினால் மூன்றடி வேண்டும். இதைத் 'தைத்து ஒட்டும்' முறையில் செய்தோம். பிளைவுட் பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் பிசினும் கண்ணாடியிழைத் துணியும் வைத்து இறுக்குகிற முறை இது. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பாரி பக்னலும் ஜாக் ஹோல்ட்டும் 'மிரர்' என்ற சிறு படகை இப்படித்தான் உருவாக்கினார்கள். படகுத் தச்சு தெரியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே அதைச் செய்துகொண்டன. அந்தத் துணிச்சலில்தான் நானும் இறங்கினேன். ஆனால் நம் ஊரின் பெயருக்கே 'நன்னீர்' என்றுதான் பொருள். சுற்றிலும் செம்பனை. உப்புநீரில் போகும் படகைப் பற்றி யாரிடம் கேட்பது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் என் தெருவிலேயே இருந்தீர்கள்.

உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், உறவுமுறை சொல்லியே அழைக்கிறேன்.

முதல் நன்றி அம்மாவுக்கு. 1949-இல், ஒன்பது வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர் அவர். கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்ததையும், வாந்தி எடுத்துச் சோர்ந்துபோன தம்பியை மடியில் கிடத்தியிருந்ததையும் இன்றும் சொல்வார். அதன்பிறகு அவர் கடல்மீது காலெடுத்து வைத்ததே இல்லை, பங்கோருக்குக்கூடப் போனதில்லை. நான் படகு செய்யப் போகிறேன் என்றதும் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அவரைப் பேச வைத்தது ஒரு மோசமான பலகை. கடலுக்குரிய தரம் என்று முத்திரை குத்திய ஏழு பிளைவுட் பலகைகளை ஒரு கடையில் வாங்கியிருந்தேன். கடற்பலகைக்கு பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரம் இருக்கிறது. கொதிநீரிலும் விடாத பசை வேண்டும், உள் அடுக்குகளில் வெற்றிடம் இருக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க எளிய வழி, ஒரு துண்டை வெட்டி வேகவைப்பதுதான். பின்கட்டில் விறகடுப்பு மூட்டி, தீபாவளிக்கு முறுக்கு சுடும் அண்டாவில் தண்ணீர் வைத்தேன். எரிகிற அடுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அம்மாவால் முடியாது. வந்து உட்கார்ந்தார், விறகைத் தள்ளிவிட்டார். மூன்றாம் மணி நேரத்தில் பலகை வாழைப்பட்டை போல அடுக்கடுக்காகப் பிரிந்தது. இடுக்கியால் அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார். இதை நம்பியா கடலுக்குப் போகப் பார்த்தாய் என்று கேட்டார். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் அன்று முதல், ஈப்போவிலிருந்து வந்த ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு துண்டை அம்மாவே வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடியும் வேகவைத்துப் பார்த்தார். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பலகையைக்கூட நான் அறுக்கவில்லை. அந்தக் கட்டுகளைக் கூலி வாங்காமல் ஏற்றி வந்த லோரித் தம்பிக்கும் நன்றி.

என்னோடு வேலை செய்த வேதியியல் ஆசிரியைக்கு ஒரு தனி வணக்கம். எபோக்சிப் பிசினைக் கையாளும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வெயில் ஏறிய ஒரு பிற்பகலில் அரைக் கிலோ பிசினை ஒரே கோப்பையில் கலந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கோப்பை கையில் பிடிக்க முடியாமல் கொதித்துப் புகைந்தது. பயந்துபோய் அவரை அழைத்தேன். பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் சேரும்போது வெப்பம் பிறக்கிறது, ஆழமான கோப்பையில் அது வெளியேற வழியில்லை, வெப்பம் கூடக் கூட வினையும் வேகமெடுக்கிறது என்று விளக்கினார். அதன்பிறகு தட்டையான தட்டில் நூற்றைம்பது கிராம் மட்டுமே கலந்தேன், அதுவும் விடியற்காலை ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில். மழை பெய்த இரவுக்கு மறுநாள் இறுகிய பிசின்மேல் எண்ணெய் தடவியதுபோல ஒரு படலம் நிற்கும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்வதால் வருவது அது, தேய்ப்பதற்கு முன்னால் தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும் என்று சொன்னவரும் அவரே. இதைக் கழுவாமல் அடுத்த பூச்சைப் பூசியிருந்தால் அது தோல் உரிவதுபோல உரிந்து வந்திருக்கும். மூட்டுகளில் வைக்க மரத்தூள் கலந்த பிசினை எந்தப் பதத்தில் குழைப்பது என்று நான் திணறியபோது, கரண்டியிலிருந்து விழாத கேழ்வரகுக் களிப் பதம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

தையல்கார அக்காவைப் பற்றி எழுத இந்தக் கடிதம் போதாது. பழைய பசார் பக்கத்துக் கடையில் முப்பது ஆண்டுகளாக ரவிக்கை தைப்பவர். பாய் தைக்க முடியுமா என்று கேட்டபோது, முதலில் நீலத் தார்ப்பாயில் ஒரு மாதிரி தைத்துத் தந்தார். அதைக் கொட்டகையில் தொங்கவிட்டு இருவரும் பார்த்தோம். தட்டையாக இருந்தது. காற்றுக்கு எதிர்ச்சாய்வில் ஏற வேண்டுமானால் பாய்க்கு வயிறு வேண்டும், துணியின் பட்டைகளை இணைக்கும்போது ஓரங்களை இலேசாக வளைத்து வெட்டினால்தான் அந்த வயிறு வரும் என்று படித்ததைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்தவர், மேசையில் கிடந்த ஒரு ரவிக்கையை எடுத்து, மார்புப் பிடிப்பைத் தன் இரு விரல்களால் கிள்ளிக் காட்டினார். "இதுதானே?" என்றார். இதுவேதான். தட்டைத் துணியில் உடம்பின் வளைவைக் கொண்டுவருவது அவருக்கு அன்றாட வேலை. டேக்ரான் என்ற செயற்கைப் பாய்த்துணி வழுக்கும் என்பதால் பட்டைகளை முதலில் இருபக்கப் பசைநாடாவால் ஒட்டிக்கொண்டார். நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும் என்று சொல்லி வளைந்து வளைந்து செல்லும் தையலாகவே போட்டார். நூற்று நாற்பது சதுர அடிப் பாயைக் கடையில் விரிக்க இடமில்லை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் விடுமுறையில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். தரையில் முழந்தாளிட்டு, வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, அக்கா பாயின் விளிம்பைச் சுற்றி ஊர்ந்த காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது. கூலி பேசியபோது, கொடி ஏற்றும் நாளில் தனக்குச் சொல்லியனுப்பினால் போதும் என்றார். அக்கா, அது கொடியில்லை, உங்கள் பாய். சனிக்கிழமை அது காற்றை வாங்கிப் புடைத்ததை நீங்களே கரையிலிருந்து பார்த்தீர்கள்.

பங்கோரில் மீன்பிடிக் கப்பல்கள் கட்டிய சீனப் பெரியவர், எழுபது வயதைக் கடந்தவர், இருமுறை படகேறி, பஸ் பிடித்து வந்தார். ஒரு நீளமான மெரந்தி மரக் கீற்றைப் பக்கவாட்டில் வளைத்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நான் பார்த்தே அறியாத இரண்டு மேடுகளைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, ஒரு கோப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

படகு கவிழாமல் இருக்க, அடிப்பாரத்துக்கு அறுபது கிலோ ஈயம் தேவைப்பட்டது. டயர்க் கடை முதலாளி தவ்கே, சக்கரச் சமன் எடைகளை வாளி வாளியாகச் சேர்த்துத் தந்தார். வெல்டிங் பட்டறை அண்ணன், முகக்கவசமும் தோல் கையுறையும் அணிந்து, வெட்டவெளியில் அவற்றை உருக்கினார். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும் என்பதால், சூட்டை அளவாக வைத்து, மேலே மிதந்த துத்தநாகத்தையும் இரும்புக் கொக்கிகளையும் வழித்தெடுத்தார். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்துத் தெறிக்கும் என்று அச்சையே ஒரு மணி நேரம் காயவைத்தார். அண்ணன், அந்தப் பொறுமைக்கு நன்றி.

அடிப்பாகத்துக்குக் கண்ணாடியிழை போர்த்தப் படகைக் கவிழ்க்க வேண்டிய நாளில் கோயில் இளைஞர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். உற்சவ மூர்த்தியைத் தூக்கிப் பழகிய தோள்கள். யார் முன்னால், யார் பின்னால், எப்போது மூச்சைப் பிடிப்பது என்று நான் சொல்லவே தேவைப்படவில்லை. பழைய லோரி டயர்கள்மேல் சாய்த்து, ஒரே குரலில் தூக்கி, கீறல் இல்லாமல் கவிழ்த்து வைத்தார்கள். வாசலில் நின்ற அம்மா, மழைநாளில் ரப்பர் மரத்தில் கவிழ்த்து வைத்த மங்கு, பால் பிடிக்கும் கோப்பை, மாதிரியே இருக்கிறது என்றார். பால்மரக் காட்டில் பத்து வயதில் மங்கு துடைக்கப் போனவர் அவர். படகுக்கு அன்றே பெயர் அமைந்துவிட்டது.

அணியம் (முன்பக்கம்), அமரம் (பின்பக்கம்), பருமல் (பாய் கட்டும் குறுக்குக் கட்டை) என்று படகின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் எடுத்துத் தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் 'தாமான்' என்று பெயர் என்று அவர் சொன்னபோது, நாம் குடியிருக்கும் தாமான், மலாயில் வீடமைப்புப் பகுதி, தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இப்போது இரண்டையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறேன்.

லுமுட்டில் தினமும் வலை இழுக்கும் மலாய்க்காரப் பெரியவர் பாக்சிக், என்னைக் கரையில் உட்காரவைத்து மேற்கு வானத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமாத்திராப் பக்கமிருந்து பின்னிரவிலும் விடியலிலும் பாய்ந்துவரும் புயற்காற்றுக்கு மலாக்கா நீரிணையில் 'சுமாத்திரா' என்றே பெயர். அடிவானத்தில் கரிய வளைவு ஒன்று எழுந்து, திடீரென்று காற்று குளிர்ந்தால் அது வந்துவிட்டது. அவர் சொன்னதற்காகவே காற்று மிகும்போது பாயைச் சுருக்கிக் கட்டும் கயிறுகளை ஒரு வரிசைக்குப் பதில் இரண்டு வரிசையாகத் தையல்கார அக்காவிடம் தைத்து வாங்கினேன்.

என் கணவருக்கு: நான்கு ஆண்டுகள் உங்கள் காரை மழையிலும் வெயிலிலும் நிறுத்தினீர்கள். கொட்டகை இப்போது காலி. காரை உள்ளே விடுங்கள்.

கொட்டகையில் பாதி டின் பிசினும், நான்கு முழுப் பலகைகளும், முகப்பலகை அச்சுகளும், வரைபடமும் மிச்சம் இருக்கின்றன. யாருக்காவது, குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒரு சிறு தோணி செய்ய ஆசை இருந்தால் எடுத்துப் போங்கள். வேகவைத்துப் பார்த்த பலகைகள்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், விடியற்காற்று அடங்கிய பிறகு, பத்து மணியிலிருந்து மூன்று மூன்று பேராக மங்குவில் அழைத்துப் போகிறேன். உயிர்காப்புச் சட்டை எல்லாருக்கும் இருக்கிறது. தூக்கியவர்கள், உருக்கியவர்கள், தைத்தவர்கள் முதலில் வாருங்கள். சனிக்கிழமை அம்மா அணியத்தில் தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார், ஏற மறுத்துவிட்டார். நேற்று இரவு சாப்பிடும்போது, பங்கோர் லுமுட் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தானே என்று கேட்டார். சிறிய அளவு உயிர்காப்புச் சட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பயணத்தில் ஓர் இடத்துக்கு யாரும் பெயர் கொடுக்க வேண்டாம்.

நன்றியுடனும் அன்புடனும்,
கார் கொட்டகை வீட்டு அக்கா
ஆயர் தாவார், பேராக்